ஒரே ஒரு தடவை கூப்பிட்டால்

கடல் தாண்டி வந்தவனைப் பேய் அண்டாது.

இது தனிஸ்லாஸ் கண்டுபிடித்த உண்மை. பினாங்கில் கப்பலேறி, ஏழு நாள் வாந்தியெடுத்து, நாகப்பட்டினத்தில் இறங்கிய அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான். பேய்க்கு ஊர் உண்டு, மரம் உண்டு, பாஸ்போர்ட் கிடையாது; ஆகவே வெளிநாட்டுக்காரன் மேல் அதற்கு அதிகாரமும் கிடையாது. தவிர, அவன் பத்து வயதில் ஜப்பான்காரனையே நேரில் பார்த்தவன். அதற்கு மேல் பயப்பட என்ன மிச்சம் இருக்கிறது?

இதையெல்லாம் அவன் சிரிக்காமல் சொல்லுவான். கேட்கிறவர்களும் சிரிக்கக் கூடாது.

நடந்தது 1954, மே பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. நேரமெல்லாம் தனிஸ்லாஸின் கைக்கடிகாரப்படி. அது தினம் ஒரு நிமிஷம் முந்தும். அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர இதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை.

வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு, பொட்டல் நடுவில் ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லம். பத்து வயதுக்குள் முப்பத்தொரு பிள்ளைகள். யாருக்கும் தாய் தகப்பன் இல்லை. கல்லூரி விடுமுறையில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்ய தனிஸ்லாஸ் வந்திருந்தான். பினாங்கில் அவனை வழியனுப்பியவர்கள் மாலை போட்டார்கள். இங்கே வந்ததும் சமையல்காரி சந்தனமேரி அவன் கையில் ஒரு ரிஜிஸ்டரைக் கொடுத்தாள்.

"காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க, பேரு கூப்பிடணும் தம்பி. ஒவ்வொரு பிள்ளையையும் மூணு தடவை கூப்பிடணும். மூணாவதுக்குத்தான் பிள்ளைக பதில் சொல்லும்."

"ஏன், முதல் ரெண்டு தடவை காது கேட்காதா?"

"இங்க அப்படித்தான்."

தனிஸ்லாஸுக்கு உடனே விளங்கிவிட்டது. அவன் அம்மாவும் பினாங்கில் சொல்லியிருக்கிறாள்: பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், பதில் சொன்னால் கூட்டிப் போய்விடும், மனிதன் என்றால் மறுபடி கூப்பிடுவான். ஓகோ, இதுதானா சங்கதி!

அன்றைக்கெல்லாம் சிரித்தான். "முப்பத்தொரு பேர், மூணு தடவை, தொண்ணூத்து மூணு கூப்பாடு! உங்க ஊர்ப் பேய்க்கு வேற வேலையே இல்லையாம்மா?"

சந்தனமேரி பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே சட்டத்தை மாற்றினான். ஒரு தடவைதான் கூப்பிடுவான். உடனே "பிரசன்ட் சார்" என்று வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு வெல்லம் கிடையாது. பிள்ளைகள் இரண்டு நாள் முழித்தன. மூன்றாம் நாள் வெல்லம் வென்றது. கடைசிப் பெயர் பொன்னுத்தாய். ஆறு வயது. முன்னம்பல் இரண்டும் கிடையாது. அவள் மட்டும் ஒரு வாரம் அழுதாள். பிறகு அவளும் படிந்துவிட்டாள்.

"நாகரிகம் பொட்டலுக்கு வந்துவிட்டது" என்று தனிஸ்லாஸ் வீட்டுக்குக் கடிதம் எழுதினான்.

பதினெட்டாம் தேதிக்கு வருவோம்.

மத்தியானக் கஞ்சி முடிந்ததும் பிள்ளைகளைக் கூடத்தில் படுக்க வைப்பார்கள். ஓடு வேய்ந்த நீளமான கூடம். ஒரே கதவு. ஆள் எட்டாத உயரத்தில் இரண்டு கம்பிச் சன்னல். வெளியே கைப்பிடிச் சுவர் இல்லாத கேணி இருந்ததால், சந்தனமேரி கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போவாள். ஒரு மணிக்குத் திறப்பாள். உள்ளே காவல் தனிஸ்லாஸ்.

12.05. தாழ் விழுந்தது.

12.10. எல்லாப் பிள்ளைகளும் தூங்கிவிட்டன. தனிஸ்லாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரிஜிஸ்டரால் விசிறிக்கொண்டிருந்தான். வெளியே ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது.

12.17. காக்கை நின்றது.

"இருக்கேன் ஐயா."

முதல் பாயில் படுத்திருந்த அடைக்கலம்தான். கண் மூடியிருந்தது. தூக்கத்தில் உளறுகிறான். தனிஸ்லாஸுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தூக்கத்திலும் வருகைப் பதிவு!

"இருக்கேன் ஐயா."

மீனம்மாள். ரிஜிஸ்டரில் இரண்டாவது பெயர்.

"இருக்கேன் ஐயா."

ராமு. மூன்றாவது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவன் சொல்லிக்கொடுத்தது 'பிரசன்ட் சார்'. இந்த 'இருக்கேன் ஐயா'வை யார் சொல்லிக்கொடுத்தது?

நாலு. ஐந்து. ஆறு. பிள்ளைகள் படுத்திருந்தது கண்டபடிக்கு. பதில் வந்ததோ ரிஜிஸ்டர் வரிசையில். இந்த மூலையிலிருந்து ஒன்று, அந்த மூலையிலிருந்து ஒன்று. இடையில் சரியாக ஐந்து விநாடி. ஒரு பெயரைக் கூப்பிட்டு, பதிலைக் கேட்டு, பென்சிலால் கோடு போட ஆகிற நேரம்.

கூப்பிடுகிற குரல் மட்டும் கேட்கவில்லை.

அடைக்கலத்தைப் பிடித்து உலுக்கினான். எழுந்திருக்கவில்லை. தலை துணிப்பொம்மை மாதிரி ஆடியது.

12.18. பதின்மூன்று.

கதவுக்கு ஓடினான். இழுத்தான். அசையவில்லை.

"சந்தனமேரியம்மா!"

பதில் இல்லை.

"சந்தனமேரியம்மா!"

இல்லை.

"அம்மா!..."

மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. சமையல்கட்டு ஐம்பது அடிதான். அவன் குரல் கதவைத் தாண்டியதாகவே தெரியவில்லை.

பின்னால் பதில்கள் போய்க்கொண்டிருந்தன. இருபது. இருபத்தொன்று. குரலில் தூக்கம் இல்லை. அவசரம் இருந்தது. முந்திக்கொண்டு சொன்னன. சொல்லாவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்பது போல...

அவனுக்கு அம்மா ஞாபகம் வந்தது. பதில் சொன்னால் கூட்டிப் போய்விடும்.

இருபத்தேழு. மற்றவர்களைத் தடுக்க இனி நேரமில்லை. கடைசிப் பெயரையாவது காப்பாற்றலாம்.

பொன்னுத்தாய்!

பாய்களைத் தாண்டி விழுந்தடித்து ஓடினான். அவளை வாரி மடியில் போட்டான். இருபத்தொன்பது. முப்பது.

அவள் வாய் திறந்தது.

கையால் இறுக்கிப் பொத்தினான்.

ஐந்து விநாடி. பத்து விநாடி.

அமைதி.

12.20. தப்பித்தோம் என்று நினைத்தான்.

சரக்... சரக்...

வெளியே காலடி. இரண்டு பேர். சேர்ந்து ஒன்றைத் தூக்கி வருகிற நடை.

வாசலில் நின்றது.

தொப்.

எதையோ இறக்கி வைத்தார்கள். கயிறு முறுகும் சத்தம். கயிற்றுக் கட்டில்.

க்றீச்...

தாழ். மெள்ள மெள்ள நகர்ந்தது. இவ்வளவு நேரம் அந்தக் கதவு திறக்காதா என்று இழுத்தவன், இப்போது திறக்கக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

போக வேறு வழி இல்லை.

பொத்திய கையை இன்னும் இறுக்கினான். அவள் திமிறினாள். உதைத்தாள்.

க்றீச்...

கதவில் ஒரு கோடு வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தில் நிழல் விழவில்லை.

அவள் கடித்தாள். முன்னம்பல் இல்லாதவள், கடைவாயில் விரலை இழுத்து, எலும்பில் படும்படி கடித்தாள். கை விலகியது.

"இருக்கேன் ஐயா!"

கூடமே அதிர்ந்தது.

தாழ் நின்றது.

ஒரு மூச்சு நேரம்... ஒன்றுமில்லை.

பிறகு கயிறு முறுகியது. கட்டிலைத் தூக்கினார்கள். வெறும் கட்டிலைத் தூக்கிப் போகிற நடை.

சரக்... சரக்... தேய்ந்து போயிற்று.

காக்கை கத்தியது. மணி 12.29. பொன்னுத்தாய் அவன் மடியிலேயே தூங்கிப் போயிருந்தாள்.

ஒரு மணிக்குச் சந்தனமேரி தாழ் திறக்க வந்தாள். தாழ் ஏற்கெனவே பாதி நகர்ந்திருந்ததை நின்று பார்த்தாள். பிறகு வாசல் புழுதியைப் பார்த்தாள். நாலு குழி. கட்டில் கால் அழுந்திய குழி. அந்த இல்லத்தில் கட்டிலே கிடையாது. எல்லாருக்கும் பாய்தான்.

தனிஸ்லாஸின் விரலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னான்.

"கடைசியா இவ வாயை மட்டும் பொத்திட்டேம்மா. எப்படியாவது ஒருத்தியையாவது..."

"ஏன் பொத்துனீங்க?"

"பதில் சொன்னா கூட்டிட்டுப் போயிடும்ல?"

"யாரு சொன்னா?"

"அதுக்குத்தானே மூணு தடவை..."

"நான் எப்பத் தம்பி அப்படிச் சொன்னேன்? நீங்களா ஒண்ணை நெனச்சுக்கிட்டீங்க. நீங்களா சிரிச்சீங்க."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் எழுந்துவிடாதபடி மெதுவாகப் பேசினாள்.

"நாப்பத்தி மூணுல இது பேதிக் கொட்டகை. ஊரெல்லாம் காலரா. இந்தக் கூடம் நெறையச் சனம். தெனம் மத்தியானம் ஒரு கம்பவுண்டர் வருவாரு. வாசல்லயே நிப்பாரு, உள்ள வர மாட்டாரு. அங்கிட்டு இருந்தே பேரு கூப்பிடுவாரு. ஒரே ஒரு தடவை. பதில் சொன்னவுகளுக்கு மருந்து. பதில் வராட்டி கோடு அடிச்சுருவாரு. ரெண்டு ஆளு கட்டிலோட வந்து தூக்கிட்டுப் போவாக."

தனிஸ்லாஸ் வாசல் புழுதியிலிருந்த நாலு குழியைப் பார்த்தான்.

"எம் மகளும் இங்கதான் கெடந்தா. ஆறு வயசு. அன்னைக்கு நான் தண்ணிக்குப் போயிருந்தேன். நாக்கு வறண்டு கெடந்த பிள்ளை... ஒரு தடவையில எப்படிப் பதில் சொல்லும்? அதான் இங்க யாரையும் மூணு தடவை கூப்பிடாம கோடு அடிக்கக் கூடாதுன்னு வச்சேன்."

தூரத்தில் திருமயம் பஸ் போகிற சத்தம் கேட்டது. அது அடங்கியதும் சொன்னாள்.

"தூக்குன ஆளு ஒருத்தன், பல வருசம் கழிச்சுக் குடிச்சுப்புட்டு வந்து அழுதான். குழியில வச்சு மண்ணுத் தள்ளுறப்ப, உள்ளருந்து 'இருக்கேன் ஐயா'ன்னு சத்தம் வந்துச்சாம்."

"அப்புறம்?"

"பேயின்னு பயந்துட்டாங்களாம். வெரசாத் தள்ளிட்டாங்களாம்."

தனிஸ்லாஸ் அந்த மகளின் பெயரைக் கேட்டான். சொன்னாள். துடைப்பத்தை எடுத்து நாலு குழியையும் பெருக்கிவிட்டு, பானை கழுவப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பேர் கூப்பிட வேண்டும். தனிஸ்லாஸ் ரிஜிஸ்டரை விரித்தான்.

"அடைக்கலம்."

"பிரசன்ட் சார்!"

தனிஸ்லாஸ் கோடு போடவில்லை. "அடைக்கலம்" என்றான் மறுபடியும். பையன் திருதிருவென்று விழித்தான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டான். பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிட்டான். பொன்னுத்தாயிடம் வந்தபோது ஒவ்வொரு தடவைக்கும் இடையில் நெடுநேரம் காத்திருந்தான். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்கனதான சார் நிக்கிறேன்! கண்ணு தெரியலையா?"

வெல்லம் எல்லாருக்கும் கிடைத்தது. பிள்ளைகள் வெளியே ஓடின. கூடத்தில் யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, ரிஜிஸ்டரில் இல்லாத ஒரு பெயரை மெதுவாகக் கூப்பிட்டான்.

"செபமாலை."

காத்திருந்தான்.

"செபமாலை."

சமையல்கட்டில் பானை தேய்க்கிற சத்தம் நின்றது.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டான்.