மயிலோடு வந்த படுதா

கல்யாணமாகி நாலு மாதம் ஆன பிறகும், உன் பெண்டாட்டி குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. "ம்" என்பாள், "இல்ல" என்பாள். அதற்கு மேல் போகாது. குற்றம் அவளுடையதல்ல. தென்காசியில் எங்கள் வீட்டில் எங்களுக்கென்று கொடுத்த அறையின் ஜன்னல் கூடத்தைப் பார்த்து இருந்தது. காய் நறுக்குவது, பேன் பார்ப்பது, பங்காளிச் சண்டை பேசுவது எல்லாம் அந்தக் கூடத்தில்தான். ஜன்னலுக்குக் கதவும் கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று மேளக்காரர்கள் உட்காரப் பலகை போதவில்லை என்று சித்தப்பா கதவு இரண்டையும் கழற்றிக்கொண்டு போனார். போனது போனதுதான். ராத்திரி பேசலாமே என்றால், ஆய்க்குடியிலிருந்து வந்து எங்களோடு இருந்த என் அத்தை ஜன்னலுக்கு நேர் கீழே பாயை விரிப்பாள். காற்று அங்கேதான் நன்றாக வருமாம்.

எனக்கு வேண்டியதெல்லாம் அரைமணி நேரம். அவள் பேச வேண்டும், நான் கேட்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஒரு ஆண்பிள்ளை இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என் வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டினேன். அதுவரை அந்த ஜன்னலை யாரும் வேலைமெனக்கெட்டு எட்டிப் பார்த்ததில்லை. வேட்டி தொங்கியதும் ஆளாளுக்கு வந்து தூக்கிப் பார்த்தார்கள். அம்மா தூக்கி, "உள்ள என்ன செய்யுதிய?" என்றாள். சித்தப்பா தூக்கி, "காயப்போட்டிருக்கோ?" என்றார். மோர் வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரிகூட ஒரு தடவை தூக்கிவிட்டுத்தான் போனாள். உள்ளே நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன், அவள் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி முழித்தோம்.

"மறைப்பு வேணும்னா மொறையா துணி எடுத்துக் கட்டணும்லே. வேட்டியைத் தொங்கவிட்டா பாக்கதுக்கு நல்லாவா இருக்கு?" என்றாள் அம்மா. அதில் நியாயம் இருந்தது. நானும் அம்மாவும் கடைவீதிக்குக் கிளம்பினோம். ஜவுளிக்கடைப் படி ஏறும்போது பார்த்தால் அத்தையும் சித்தப்பாவும் பின்னால் வருகிறார்கள். யார் அறைக்குத் துணியோ அவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டோம்.

கடைக்காரர் வெள்ளையை விரித்தார். "சின்னஞ்சிறுசுக அறைக்கு வெள்ளையா?" என்று அத்தை முகத்தைச் சுளித்தாள். சிவப்பு வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் செங்கோட்டை ரயில் போகும்.

"ரயிலு நின்னுரும்" என்றார் சித்தப்பா.

"ஜன்னல் கூடத்தைப் பாத்துல்லா இருக்கு" என்றேன்.

"துவைச்சு எங்கன காயப்போடுவ?" என்றார்.

அடுத்தது பச்சை, நல்ல இலைப் பச்சை. மாடு தின்றுவிடும் என்றாள் அம்மா. கூடத்துக்குள் மாடு வருமா என்று நான் கேட்கவில்லை. வரும், போன பொங்கலுக்கு வந்தது. மஞ்சள், நேர்ச்சைக்குக் காசு முடிகிற துணி என்று தள்ளுபடி ஆயிற்று. கறுப்பைக் கடைக்காரரே எடுக்கவில்லை. கடைசியில் அம்மா தனக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டாள், அத்தோடு திரும்பினோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படுதாதானலே வேணும்? குத்தாலத்துல ஒண்ணு சும்மா கெடக்கு, நான் கொண்டாரேன்" என்றார் சித்தப்பா.

அந்த சீசனுக்குக் குற்றாலத்தில் நாடகம் போட ஒரு கம்பெனி வந்திருந்தது. சாரலோடு வந்த காற்று கொட்டகைக் கூரையைப் பிய்த்து எறிந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, மேடைக்கு முன்னால் தொங்குகிற பெரிய படுதா ஊறிப்போய், மாடு இழுக்க முடியாத கனம் கனத்திருக்கிறது. அதை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொட்டகைக்காரர் சித்தப்பாவுக்குச் சிநேகிதர். இடத்தை அடைக்கிறது, கொண்டுபோனால் புண்ணியம் என்றாராம்.

முற்றத்தில் விரித்தோம், முற்றம் போதவில்லை. மயில்மேல் முருகன், இரண்டு பக்கமும் வள்ளியும் தெய்வானையும். தையற்காரர் வந்து, கத்தரியும் கையுமாகச் சுற்றிச் சுற்றி நடந்தார். "அண்ணாச்சி, எங்கன வச்சாலும் சாமி மேலல்லா படுது" என்றார். கடைசியில் முருகனுக்கும் தேவிமாருக்கும் நடுவில் கொஞ்சம் ஆகாயம் தீட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு அதில் வெட்டினார். தேவிமாரை மரியாதையாகச் சுருட்டிப் பரண்மேல் வைத்தோம். முருகனை ஜன்னலில் மாட்டினோம். கொஞ்சம் பெரிசுதான், மயிலின் கால் தரையைத் தொட்டது.

"கல்யாண அறையில சாமியை ஆண்டியா நிப்பாட்டிட்டியளே" என்று அத்தை அங்கலாய்த்தாள். ஆனால் முதல் பிச்சிப்பூச் சரத்தைக் கொண்டுவந்து சாத்தியதும் அவள்தான். செவ்வாய்க்கிழமை அம்மா சாம்பிராணி காட்டினாள். மாசக் கார்த்திகையன்று தெருவே கூடத்துக்கு வந்துவிட்டது. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது நான் அறைக்குள்ளிருந்து கொட்டாவி விட்டபடி வெளியே வந்தேன். கருவறையிலிருந்து கள்ளன் வருகிற மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. "சாமி இருக்க அறையில புருசன் பொண்டாட்டி படுக்கப்படாது" என்றாள் அம்மா. என் பாய் சித்தப்பாவின் பக்கத்துக்குப் போனது, அவள் பாய் அத்தையின் பக்கத்துக்குப் போனது. ஜன்னலுக்கு மறைப்புக் கேட்டவனுக்கு அறையே போய்விட்டது. படுதாவைக் கழற்றிவிடலாம் என்றேன். "எங்க, கழத்து பாப்போம்" என்றாள் அம்மா. இதில் சித்தப்பாவின் குறட்டை வேறு.

மறுநாள் காலையில், எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது, என் மனைவி அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அத்தை, சாமிக்கு முன்னாலதான் பூசை நடக்கு. முதுகுக்குப் பின்னால அறை இருட்டாக் கெடக்கே, சாமியை இருட்டுல நிப்பாட்டலாமா?"

"அதுக்கு என்ன செய்யணுங்கே?"

"சாயங்காலம் நான் உள்ள வெளக்கேத்துதேன். மணி அடிக்கதுக்கு மட்டும் உங்க மவன் வந்தாப் போதும்."

அம்மா இதில் ஏதாவது குறை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். அது முகத்திலேயே தெரிந்தது. ஒன்றும் அகப்படாமல், "சரிட்டி" என்றாள்.

அன்று சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, மணியோடு உள்ளே போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறைக் கதவை அவளே சாத்தினாள். பூசை நேரம் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. படுதாவுக்கு அந்தப் பக்கம் அம்மா, அத்தை, சித்தப்பா, அடுத்த வீட்டுக்காரி எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். ஒருத்தராவது தூக்கிப் பார்ப்பார்களா? சாமியைத் தூக்க யாருக்குத் தைரியம் வரும்? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மணியை ஒருதரம் ஆட்டிவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு எங்கம்மாவைத் தேடுது" என்றாள். "அம்மா போனதும் வருசத்துக்குள்ள கல்யாணத்தை முடிக்கணும்னு அவசரப்பட்டாவ. கல்யாணப் பொண்ணு அழப்படாதுன்னாவ. இங்கன வந்தா, புதுப்பொண்ணு கண்ணைக் கசக்கினா வீட்டுக்கு ஆகாதுங்காவ. எனக்கு அழதுக்கு ஒரு இடமே இல்லாமப் போச்சு."

அவள் பிறந்த ஊரான வடகரையில் அவள் தாய் இறந்ததும், அதனால்தான் கல்யாணம் அவசரமாக நடந்ததும் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். அதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அழு" என்றேன்.

"நீங்க மணியை நிப்பாட்டாம அடிங்க" என்றாள்.

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நான் அடித்தேன், கை மாற்றி மாற்றி அடித்தேன். விளக்கு எனக்கும் கலங்கித்தான் தெரிந்தது. வெளியே சித்தப்பா உரத்த குரலில் அரோகரா போட்டார். "என்ன, இன்னைக்குப் பூசை இம்புட்டு நேரம் நடக்கு?" என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டாள். "எம் மருமவளுக்குப் பக்தி ஜாஸ்தி" என்றாள் அம்மா. உள்ளே என் மனைவி அழுது முடிக்கிறவரை நான் மணியை நிறுத்தவில்லை.