பட்டியலில் இல்லாத மடை

மதுரை சந்திப்பில் நான் இறங்கியபோது காலை ஐந்தே முக்கால். எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதம். தோளில் துணிப்பை, கையில் வரைபடங்களைச் சுருட்டி வைத்த தகரக் குழாய். தஞ்சைப் பக்கம் ஒரு நகரமைப்பு அலுவலகத்தில் படம் வரைபவன் நான். மதுரையில் நகரத் திட்ட வேலைக்கு ஆள் போதவில்லை என்று ஒரு வாரத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். பழைய நகருக்குள் எவற்றை இடிக்கக் கூடாது என்று பார்த்துப் படத்தில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். நெரிசலைக் குறைப்பதற்காக மொத்தச் சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோக ஓர் இடத்தைப் பச்சை மையால் குறிக்க வேண்டும்.

முதல் நான்கு நாள் மாசி வீதிகளிலும் வெளிவீதிகளிலும் நடந்தேன். கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளிவீதிகளே வந்தன. மிஞ்சிய ஒரு கொத்தளத்தின் அடியில் நின்று அளவெடுத்தபோது, இந்த ஊர் முன்பே ஒருமுறை தன்னை உடைத்துக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கீழமாசி வீதிக்கு அருகே ஒரு சந்தில் கரீம் பாயைச் சந்தித்தேன். வத்தல் மண்டி வைத்திருந்தார். கடையின் பின்சுவரே ஒரு பழைய கல்மண்டபம்தான். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தூண்களை எண்ணினேன்.

“நல்லா எழுதிக்கங்க சார். இந்தத் தூணைத் தொடக் கூடாது. எங்க வாப்பா இதுல சாஞ்சுக்கிட்டுத்தான் யாவாரம் பார்த்தாரு. ஆனா லாரி உள்ள வந்தா திரும்ப முடியல. போன மாசம் மூட்டை தூக்குற ஒருத்தரு கால் மேல சக்கரம் ஏறிருச்சு.”

“சந்தையை வெளியே மாற்றினால் போவீர்களா?”

தூணில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூசியைத் தட்டிவிட்டார். “மண்டபமும் நிக்கணும், ஆளும் நடக்கணும்னா நாங்கதான சார் நகரணும்? போறேன்.”

அந்த ஒரு சொல்லோடு சிவப்பு மை வேலை எனக்கு எளிதாகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறினேன். விராட்டிபத்துக்கு டிக்கெட் ஐம்பது காசு. அளவுச் சங்கிலியோடு இறங்கி மேற்கே இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதையில் நடந்தால் ஒரு சிறிய கண்மாய், அதன் கீழே கதிர் விட்ட நெல்வயல்கள், தூரத்தில் நாகமலை. மேசை மேலிருந்த படத்தில் இதெல்லாம் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது.

கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் கல்மடையில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் முழங்கால் நீரில் நின்று பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு சொன்னார்.

“என்னண்ணே, இம்புட்டுத் தூரம் சங்கிலிய இழுத்துக்கிட்டு வாரீக?”

ஊருக்குள் இருக்கும் மொத்தச் சந்தையை இங்கே கொண்டுவர இடம் அளக்க வந்திருப்பதைச் சொன்னேன்.

“வயலு பூராவுமா?”

“கண்மாயையும் சேர்த்து.”

அவர் மடையின் பக்கக் கல்லில் படிந்திருந்த பாசியை உள்ளங்கையால் தேய்த்தார். எழுத்துகள் தெரிந்தன. என்னால் படிக்க முடியாத பழைய எழுத்து.

“இது உங்க பட்டியல்ல இருக்கா?”

“பட்டியல் ஊருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும்தாம்மா.”

“அங்கன இருக்கிற கோட்டைக் கல்லு சும்மா நிக்குது. இது இன்னைக்குக் காலையில கூட வேலை பார்த்துச்சுண்ணே.”

அன்று பகல் முழுக்க மடையை அளந்தேன். மறுநாள் படத்தில் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இதை யாருய்யா கேட்டது?”

“யாரும் கேட்கவில்லை சார். அங்கே இருக்கிறது.”

“பச்சையை நகர்த்தினால் அது இன்னொருத்தர் வயல்மேல் போய் விழும். தெரியுமில்லையா?”

தெரியும் என்றேன். புள்ளியை அவர் அழிக்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறு வேலையாக மதுரைக்குப் போனபோது விராட்டிபத்துக்கும் பேருந்து ஏறினேன். சந்தைக்கான எல்லைக் கற்கள் வடக்கே தள்ளி நடப்பட்டிருந்தன. மடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் என்னை அடையாளம் கண்டு வரப்பைவிட்டு இறங்கி வந்தார். முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை.

“மடை தப்பிச்சிருச்சுண்ணே. வடக்க எங்க மதினி வயலு போயிருச்சு. நாந்தான் ஆளைப் பிடிச்சு எழுத வச்சேன்னு என்கிட்டப் பேசுறதில்ல.”

“நீங்கள் கேட்கவே இல்லையே. நான்தானே போட்டேன்?”

“அதைச் சொன்னா யாரு நம்புறா?”

அவருடைய மதினியைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். குடிக்கச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு எங்கள் ஊரில் பேருந்திலிருந்து இறங்கினேன். நிலையத்துக்கு மேற்கே வரிசையாகக் கடைகள். அங்கே முன்பு ஒரு குளம் இருந்தது. அதைத் தூர்ப்பதற்கான படத்தை நகல் எடுத்தவனே நான்தான். அந்தக் குளத்துக்கும் மடை இருந்திருக்கும். அதில் எழுத்து இருந்ததா என்று அன்று நான் போய்ப் பார்க்கவில்லை. கடைகளின் முன்னே வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.