இருசம்மாள் எண்ணிய இருபது கட்டங்கள்

என் தங்கை இருசம்மாள் ஜெயித்தவை: ஏழாம் நம்பர் ரப்பர் காட்டில் பன்னிரண்டு பேரின் வேலை, கங்காணி வீரமுத்துவிடம் கெஞ்சி வாங்கிய மூன்று நாள் விடுப்பு, அவர் வாயை ஒரு முறை அடைத்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத புல்வெட்டுக்காரிக்கு இது சின்ன விஷயமல்ல.

ரப்பர் விலை விழுந்த காலம். மலாயாவில் செலண்டார் பக்கத்து எங்கள் தோட்டத்தில் வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தக் காட்டில் வேர் நோய் கண்டது. ஆளுக்கு ஒதுக்கிய மர நிரை ஒவ்வொன்றிலும் எத்தனை நோய் மரம் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி இராஜரட்ணம் கேட்டார். இல்லை என்றால் மறைக்கிறான் என்பார்கள். அதிகம் என்றால் கவனிக்கவில்லை என்பார்கள். பால் வெட்டும் பன்னிரண்டு பேரும் இரண்டு என்றோம். என் நிரையில் ஒன்றுகூட இல்லை. நானும் இரண்டு என்றேன். நோய் காடு முழுக்கப் பரவிவிட்டது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காட்டை மூடுவார்கள். பன்னிரண்டு குடும்பத்துக்கும் கப்பல்.

இருசம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் கேட்டாள்.

“ஏண்ணே, நோய் என்ன கங்காணியா, ஆளுக்கு ரெண்டுன்னு பங்கு வைக்க?”

உண்மையைச் சொன்னேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

புதன்கிழமை விடிந்ததும் காட்டில் நின்றாள். ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து மரம் ஒரு கட்டம். மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு கட்டம். எல்லாவற்றையும் கிளற நேரமில்லை. தானே பொறுக்கினால் கெட்ட மரத்துக்குத்தான் கண் போகும் என்று, என்னை ஓலைத் துண்டுகளில் எண் எழுதச் சொல்லி, கூடையில் குலுக்கி இருபது எடுத்தாள். மரத்தடி மண்ணைக் கிளறி, வேரில் நோயின் வெள்ளை நூல் ஓடினால் அந்த மரத்துக்கு ஒரு ரப்பர் கொட்டை எடுத்து வைத்தாள்.

கங்காணி வந்து நின்றார். “என்னா இருசம்மா, மரத்துக்குப் பேன் பாக்குறியா?”

“ஆமா கங்காணி. பேனு தலை முழுக்கவா இருக்கு? காதோரமாத்தானே குந்தியிருக்கு!”

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளி மாலை வரை ஓடி ஓடிப் பார்த்தாள். பதினேழு கட்டங்களில் ஒன்றுமில்லை. மூன்றில் ஆறு, ஒன்பது, பதினொன்று. மூன்றுமே பழைய காட்டுமரக் கட்டைகள் புதைந்த சதுப்பு மூலையில்.

மறுநாள் ஆபீசில், நான் எழுதிக்கொடுத்த கணக்கைப் பார்த்துக் கிராணி கேட்டார், “இது ஆர் எண்ணினது?”

“நாந்தாங்கய்யா. காடு முழுக்க இருந்தா எல்லாக் கட்டத்துலயும் ஒன்னு ரெண்டு விழுந்திருக்கும். இது ஒரே மூலையில கிடக்கு. அதைச் சுத்திப் பள்ளம் வெட்டினா போதும்.”

“கணக்குப் பிழைச்சால் முதல் கப்பல் உமக்குத்தான், பிள்ளை. கைநாட்டைத் துரை ஏற்கமாட்டார். பேர் எழுதவேணும்.”

“நான் போடுறேன்” என்று கையை நீட்டினேன்.

“நீ ரெண்டுன்னு சொன்ன ஆளு. தள்ளு அண்ணே.”

கிராணி ஒரு துண்டுத்தாளில் அவள் பெயரை எழுதிக் காட்டினார். அதைப் பார்த்துப் பார்த்து, ஆறு எழுத்தையும் கணக்கின் அடியில் காகிதம் கிழியும்படி அழுத்தி வரைந்தாள். 1932 செப்டம்பர் 3, சனிக்கிழமை.