சுற்றியுள்ள பகுதிகள்

ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கும் சத்தம் கேட்டால், இன்றும் என் கை சட்டைப்பையில் சாக்பீஸைத் தேடுகிறது.

ஆனையூரில் எங்கள் தெருமுனையில் ஒரு கரும்பலகை உண்டு. குடிநீர் வரும் நேரம், வரி முகாம், மின்தடை என்று வரும் அறிவிப்புகளை செல்போனில் தேடிப் பிடித்து அதில் எழுதிப்போடுவது என் வேலை. யாரும் கொடுக்கவில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. மற்றதை எழுதிவிடலாம். மின்தடைதான் மண்டையைக் குழப்பும். பட்டியலில் எந்தெந்த நகரோ வரும், எங்கள் தெரு வராது. கடைசியில் 'மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்' என்று ஒரு வரி. நாங்கள் எதைச் சுற்றியிருக்கிறோம்? எவ்வளவு தூரம் வரை சுற்று? எழுதி அழித்து, அழித்து எழுதி, விரலெல்லாம் வெள்ளை.

அன்று மாலை எதிர்வீட்டுத் தையல்காரப் பெண் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்குக் கரண்டு கட்டு நமக்கு உண்டா, இல்லையா?"

அவள் கணவர் மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்து நுரையீரலில் தூசி ஏறியவர். கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினில்தான் அவர் மூச்சு. கையிருப்புச் சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். மின்தடையோ காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை.

கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டேன். "எந்த ஃபீடர் சார்?" என்றார்கள். எங்களுக்குக் கரண்டு எந்த லைனில் வருகிறது என்று தெருவில் யாருக்குத் தெரியும்? கம்பத்திலிருந்து இறங்கிய லைன்மேனைப் பிடித்தேன்.

"ரெண்டு பக்கமும் லைன் வருதுண்ணே. எதுல விட்டுருக்காகன்னு பாத்தாத்தான் தெரியும்."

அண்ணாந்து பார்த்தேன். கம்பிகள் வானத்தைக் கோடு போட்ட நோட்டாக்கியிருந்தன. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"உண்டும்மா," என்றேன் அவளிடம். "மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற லைன். உன் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

எங்கிருந்து வந்தது அந்த நிச்சயம்?

மறுநாள் எட்டரைக்கு ஆட்டோவில் மெஷினும், சிலிண்டரை மாட்டிக்கொண்டு மனிதரும் போனார்கள். ஒன்பது அடித்தது. என் வீட்டு மின்விசிறி சுற்றியது. ஒன்பதே கால். சுற்றிக்கொண்டே இருந்தது. நின்று தொலையேன் என்று அதை வேண்டினேன். ஒன்பதரைக்குப் போன் வந்தது.

"அண்ணே, இங்க கரண்டு போயிருச்சு. அங்க?"

"இங்க... இருக்கும்மா."

ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். சிலிண்டரின் முள் பாதிக்கும் கீழே. மெஷினை நானே தூக்கிப்போய் வைத்து சுவிட்சைப் போட்டேன். மூச்சு சீரானதும் அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"மாப்ள, இம்புட்டு அழகா எழுதிருக்க. போர்டக் கழட்டிக் கொண்டுபோயி கொழுந்தியா தெருவுல மாட்டு. அங்கதான் அது சரியா வரும்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மணி பத்தரைதான் ஆகியிருந்தது. ஐந்து வரைக்கும் இங்கே கரண்டு இருக்குமா, தாமதமாகப் போகுமா? மறுபடி ஆபீசுக்குப் போன் அடித்தேன், ரிங் போய்க்கொண்டே இருந்தது.

"நான் வாரேம்மா," என்று செருப்பைத் தேடினேன்.

வாசல் வரை வந்தாள். "இனி போகுமாண்ணே?"

"தெரியலம்மா."

"இத நேத்தே சொல்லிருக்கலாம்ல. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கண்ணே, நான் இன்னொரு சிலிண்டர் வாங்கி வச்சிருப்பேன்."