மாயக்காளின் வாய்ச்சி

பேரையூர்ப் பக்கத்தில் பேயாண்டி இறந்து கருமாதி முடிந்தபோது அவருடைய மரவேலைச் சாமான்களை யாரும் கேட்கவில்லை. நிலமும் மாடுகளும் பங்காளிகளுக்குப் போயின. மாட்டுக்கொட்டத்து மூலையில் கிடந்த மரப்பெட்டியை மட்டும் அவருடைய ஒரே மகள் மாயக்காள் பக்கம் தள்ளினார்கள்.

"அப்பன் சாமானு, நீயே கொண்டுக்கிட்டுப் போ ஆத்தா," என்றான் பெரியப்பா மகன் சோணை.

கூரை ஒழுகி, கறையான் ஏறி, பெட்டிக்குள் இருந்ததெல்லாம் ஒரே செந்துருவாகக் கிடந்தது. பேயாண்டிக்கு முன்னால் அவை அவருக்குத் தொழில் பழக்கிய வண்டிப்பட்டறை ஆசாரியினுடையவை. அந்த ஆசாரிக்கும் அவர் தகப்பன் வழியில் வந்தவை என்பார்கள். மாயக்காளுக்கு அதெல்லாம் அப்போது மனசில் இல்லை. பழைய இரும்பாகப் போட்டால்கூட ஒரு வாரம் கஞ்சிக்கு ஆகும் என்றுதான், கடலை ஏற்றி வந்த வண்டியில் கெஞ்சி இடம் வாங்கிப் பெட்டியைப் பழங்காநத்தத்துக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் அவள் புருஷன் வீரணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ரங்கூனில் மரவாடியில் ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தவன். சண்டையில் குண்டு விழுந்ததும் காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தான். கூட நடந்தவர்களைப் பற்றிக் கேட்டால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வான். குளிர்காய்ச்சல் அவனை விடவில்லை. மாயக்காள் விடிந்ததும் களையெடுக்கப் போவாள். பொழுது சாய வந்து உலை வைப்பாள். அவனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப் போவாள்.

பெட்டியை இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாமல் நிறுத்தியது ஒரு மண்வெட்டி. அதன் கணை, அந்த மரப்பிடி, ஒடிந்துவிட்டது. புதுக்கணை போட ஊரில் ஆளில்லை. பட்டாளத்துக்குப் பெட்டி அடிக்கும் கொட்டகைக்கு ஆசாரிமார் எல்லோரும் போய்விட்டார்கள். காட்டுக்குக் காடு கணையில்லாத மண்வெட்டிகள் கிடந்தன. அப்பன் கணை செதுக்குவதை அவள் சிறுவயதில் எத்தனையோ தரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் துருவைத் தேய்க்கத் தொடங்கினாள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. புங்கெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, செங்கல் பொடியும் தேங்காய் நாருமாகத் தேய்த்தாள். உளிகள் மெல்ல வெளுத்தன. இழைப்புளியின் கட்டை நல்ல வைரம், கறையான் அதைத் தொடவில்லை. அதன் தகட்டைக் கல்லில் தீட்டித் தீட்டி விரல் நுனி தேய்ந்து, மறுநாள் களை பிடுங்கும்போது எரிந்தது. சில நாள் கையில் நாரை வைத்துக்கொண்டே அசந்துவிடுவாள்.

கடைசியாக வாய்ச்சி. மரத்தைக் கொத்திச் செதுக்குகிற அந்த ஆயுதம் இல்லாமல் கணை வேலை நடக்காது. அதன் காதுத் துளைக்குள் பழைய பிடியின் கட்டை இறுகி உளுத்திருந்தது. என்ன தட்டியும் வரவில்லை. பொறுமை விட்டுப்போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டுவிட்டாள். கட்டை கருகி உதிர்ந்தது. சந்தோஷமாக எடுத்து, ஒடிந்த வண்டிச் சக்கரத்து ஆரக்காலைப் பிடியாகச் செருகி, ஒரு கருவேலங்கட்டையில் ஓங்கிப் போட்டாள். கட்டை வெட்டுப்படவில்லை. வாய்ச்சியின் வாய் ஈயம் மாதிரி மடங்கிப்போயிற்று.

அவள் அப்படியே உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் திரும்பினான். "தீயில போட்டியா?"

"ஆமா."

"கெடுத்திட்ட புள்ள. இரும்போட விறைப்பு போயிருச்சு. கொல்லன்கிட்டக் கொண்டுபோ. திரும்பக் காய்ச்சித் துவைச்சுத் தருவான்."

வந்ததிலிருந்து அவன் இம்புட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

கோச்சடையில் காசிமாயன் என்ற கொல்லர் இருந்தார். வாய்ச்சியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நல்ல இரும்ப அடுப்புலயா போட்டே?" என்று ஏசினார். கூலிக்கு வழியில்லை என்றதும் துருத்தியைக் காட்டினார். உச்சிவரை அவள் துருத்தி ஊதினாள். அவர் மடங்கிய வாயை அடித்து நேராக்கி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டி, விளிம்பு வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினார். நடந்தே திரும்பி வந்தாள். தோள் இரண்டும் கழன்றுவிட்டதுபோல் இருந்தது.

வாசலில் வீரணன் உட்கார்ந்திருந்தான். மடியில் அவள் துருவெடுத்து வைத்திருந்த ரம்பம். கையில் அரம். ஒரு பல்லை அராவுவான், மூச்சு வாங்குவான், அடுத்த பல்லுக்குப் போவான்.

"ஏங்க, ஒடம்பு முடியாம எதுக்கு?"

"பேசாம இரு. பல்லு வரிசை தப்பிரும்."

ஊர்க்காரர்களுக்கு முதலில் போட்டுக்கொடுத்த கணைகள் பச்சை மரத்தில் செய்தவை. காய்ந்ததும் ஆடின. திட்டிக்கொண்டு திரும்பக் கொண்டுவந்தார்கள். பொம்பளை செதுக்கிய கணை இப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார்கள். அவள் கொம்புகளை வெட்டி நிழலில் காயவைத்துப் பிறகு செதுக்கினாள். வீரணன் ரம்பத்தால் அறுத்துக் கொடுப்பான். காய்ச்சல் அடிக்கிற நாளில் அதையும் அவளே செய்வாள். சிரித்தவர்களும் திரும்பி வந்தார்கள், வேறு ஆளில்லையே. கூலியாகக் கம்போ சோளமோ அளந்தார்கள்.

விஷயம் பேரையூருக்கு எட்டியது. ஒருநாள் சோணை வந்து நின்றான்.

"ஆத்தா, சித்தப்பன் சாமான வாங்கிட்டுப் போவம்னு வந்தேன். ஆம்பள வாரிசு நான் இருக்கையில வேற வீட்டுல இருந்தா நல்லாவா இருக்கு?"

"துருப்புடிச்சுக் கெடக்கையில எங்கண்ணே போயிருந்த?"

"அது அப்ப. மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க."

வீரணன் சுவரைப் பிடித்து எழுந்தான். போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். குளிர்காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சோணை கத்திப் பார்த்தான், பங்காளிகளைக் கூட்டிவருவேன் என்றான். மாயக்காள் அவனுக்கும் ஒரு வட்டிலில் கஞ்சி ஊற்றி வைத்தாள். அவன் குடித்தான். பொழுது இறங்கியும் வீரணன் எழுந்திருக்கவில்லை.

"சரி, வாரேன்," என்று சோணை கிளம்பினான். போகிற போக்கில், வாசலில் எண்ணெய் தடவிக் காயவைத்திருந்த இழைப்புளியைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். உள்ளே பாயை விரித்துப் புருஷனைப் படுக்கவைத்த பிறகுதான் அவள் கவனித்தாள்.

"ஓடிப் பிடிக்கட்டுமா?"

"விடு. நடக்க யாரால முடியுது," என்றான் அவன்.

அவளாலும் முடியவில்லை. அதற்குப்பின் கணைகளை உடைந்த கண்ணாடிச் சில்லால் வழித்தே வழுவழுப்பாக்கினாள். நேரம் கூடப் பிடித்தது. உள்ளங்கையில் கீறல் ஆறவே இல்லை.

சண்டை முடிந்து ஆசாரிமார் ஊர் திரும்பியதும் வேலை பாதியாகக் குறைந்தது. வீரணன் அதற்குள் ஓரளவு தேறியிருந்தான். மழைக்காலத்தில் மட்டும் படுத்துவிடுவான். கணை வேலை இல்லாத நாட்களில் மாயக்காள் பழையபடி களையெடுக்க மட்டும் போனாள். பகலில் களை, சாயங்காலம் கணை என்று இரட்டை வேலை பார்த்த பிறகு, ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு வீடு திரும்புவது அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு மாதிரிதான் இருந்தது.