செங்கமலம் டீச்சரின் சாவிக்கொத்து

செங்கமலம் டீச்சர் வருவதைத் திருக்கழுக்குன்றம் பெண்கள் பள்ளியில் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். இடுப்பில் ஏழு சாவி, கழுத்தில் விசில், வாயில் ஓயாத திட்டு. பதினெட்டு வருஷ விளையாட்டு டீச்சர். தனக்குச் சொல்லிக்கொடுக்க எவன் பிறந்திருக்கிறான் என்கிற மிதப்பு வேறு.

தொண்ணூற்றேழு ஜூலையில் ஒருநாள், மைதானத்தில் ரோகிணிக்கு வலிப்பு வந்தது. எட்டாம் வகுப்புப் பெண். எண்ணூறு மீட்டரில் அவளைப் பிடிக்க ஆளில்லை. "இரும்பு குடுங்க, இரும்பு!" என்று ஆளாளுக்குக் கத்த, டீச்சர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். நாக்கைக் கடித்துவிடப் போகிறாளே என்று விசிலைப் பல்லுக்கு நடுவில் செருகினார். வலிப்பு நின்றது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

"பல்லு போனா போவுது, புள்ள பொழச்சிச்சே!" என்று டீச்சர் ஒரு மாதம் பெருமையடித்தார்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமையாசிரியை கல்யாணிதான் மசியவில்லை. "முதலுதவிப் பயிற்சி முடிச்சவங்க கூட இருக்கணும். சர்டிபிகேட் இல்லாம அவ பேரை ஜோனல் போட்டிக்கு அனுப்ப மாட்டேன்." ரோகிணி தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகைக்காகத்தான், முணுமுணுத்துக்கொண்டே, டீச்சர் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்.

மூன்று நாள் பயிற்சி. நடத்தியவர் மேரி என்கிற நர்ஸ். "வலிப்பு வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றதும் இருபது விளையாட்டு ஆசிரியர்களும் ஒரே குரலில், "சாவி குடுப்போம்!" என்றார்கள்.

மேரி தலையில் அடித்துக்கொண்டார். "சாவியால ஒண்ணும் ஆவாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நேரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி. வாயில மட்டும் எதையும் வைக்காதீங்க, பல்லு உடைஞ்சிடும்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ, பெருமையடித்தோமே!

கடைசி நாள் பரீட்சையில் வலிப்பு வந்தவளாகக் கிடத்தியிருந்த பொம்மையின் முன் உட்கார்ந்ததும் கை தானாக இடுப்புக்குப் போனது. ஃபெயில். ஆத்திரத்தோடு சாவிக்கொத்தை உருவி மேரியிடம் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பாஸ்.

ஜோனல் போட்டி மாமல்லபுரத்தில். ரோகிணி இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினாள். தாண்டியவள் நாலு எட்டில் விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் ஓடிவந்தது, "இரும்பு!" என்று. ஒருவர் பைக் சாவியை நீட்டினார்.

"சாவியைக் கொண்டுபோய் வண்டில போடுய்யா! எல்லாரும் தள்ளுங்க, காத்து வரட்டும்!"

டீச்சர் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துண்டை மடித்துத் தலைக்குக் கொடுத்து, ஓட்டத்துக்கு வைத்திருந்த ஸ்டாப் வாட்சையே மறுபடி அழுத்தினார். ஒன்றரை நிமிஷம். அடங்கிவிட்டது.

டாக்டர் பார்த்து, பயமில்லை என்றார். நன்றாகத் தூங்கி எழுந்தபின் ரோகிணி நாக்கால் பல்லைத் துழாவினாள்.

"மிச்சமெல்லாம் இருக்குடி," என்றார் டீச்சர். "அன்னைக்கு உடைஞ்சது வலிப்புல இல்ல. நான் உடைச்சது."

"தெரியும் டீச்சர்."

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"சொன்னா, பயந்துகினு என்னை ஓட விடாம போயிடுவீங்களோன்னு."

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டாவது வந்ததுக்கு இவ்ளோ பேச்சா? மாத்திரையைப் போடு. அடுத்த வருஷம் மொதலாவது வரணும்."