எச்சரிக்கையைப் பார்த்துக் கிளம்பியவர்கள்

இன்று மதியம் அடுக்கம் மலைச்சாலையில் போகும்போது, ரோட்டோர அருவியின் பாறையில் ஒரு வெளியூர்க் குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பைக்கை நிறுத்தினேன்.

"வெள்ள எச்சரிக்கை போன்ல வந்துச்சே, பாக்கலையாங்க?"

"பாத்துட்டுத்தான் சார் கிளம்புனோம். இன்னிக்குத்தானே தண்ணி நல்லா விழும்!" என்றார் அப்பா.

அதற்குள் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது.

எதிரே சோளம் சுட்டுக்கொண்டிருந்த அக்கா, "ஏய்யா, வெரசா மேல ஏறுங்க!" என்று அலறினார்.

கை நீட்டிய சிறுமியை இழுத்துத் தூக்கினேன். மற்றவர்கள் தவழ்ந்து ரோட்டுக்கு வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் பாறையைக் காணோம்.

அம்மா குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா மூச்சு வாங்கியபடியே என்னிடம் கேட்டார்: "சார், பக்கத்துல வேற அருவி இருக்கா?"

நீங்களாக இருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?